இத்தாலியில் இறந்த பாட்டியின் அண்ணன்: எங்கே தேடுவது, கல்லில் என்ன எழுதுவது?

செம்மண்காடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். போர் வரலாறு தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன்.

என் பாட்டிக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. அவருடைய மூத்த அண்ணன் இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து, 1944இல் இத்தாலியில் இறந்துபோனார். அப்போது அவருக்கு இருபது, இருபத்தொன்று இருக்கலாம். மாதாமாதம் வந்துகொண்டிருந்த மணியார்டர் திடீரென்று நின்றது. கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதை ஊர் வாத்தியார் படித்துச் சொன்னாராம். உடல் வரவில்லை. சாம்பலும் வரவில்லை. வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் ரிப்பன் வைத்த ஒரு வெண்கல நட்சத்திரம், ஓரம் கருகிய ஒரு புகைப்படம், மடித்த இடத்தில் எல்லாம் கிழிந்துபோன ஒரு தாள்.

பாட்டி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அவனைப் புதைத்தார்களா, எரித்தார்களா?" எண்பது ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேட்கவும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இரண்டாவது விஷயம். சித்தப்பா ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு நினைவுக்கல் வைக்கலாம் என்கிறார். அதில் என்ன எழுதுவது என்று வீட்டிலேயே சண்டை. "தாய்நாட்டுக்காக வீரமரணம்" என்று போட வேண்டும் என்பது சித்தப்பாவின் கட்சி. எந்தத் தாய்நாடு என்று என் தங்கை கேட்கிறாள். இரண்டுக்கும் உங்கள் கருத்து வேண்டும்.

அவருடைய பெயரை இங்கே போடவில்லை. பாட்டிக்கு அது பிடிக்காது.

கணக்கர்

முதல் கேள்விக்கு விடை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என்று ஓர் அமைப்பு 1917 முதல் இயங்குகிறது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் போரில் மட்டும் பிரிக்கப்படாத இந்தியாவைச் சேர்ந்த ஏறத்தாழ 87,000 பேர் அதில் இருக்கிறார்கள். தேடும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள்.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எனவே அவருடைய ஒற்றைப் பெயரே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கும். முன்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். முன்பெயர்க் கட்டத்தில் அவர் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரையும் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது.

எழுத்துக்கூட்டல் அந்தந்த எழுத்தரின் காதைப் பொறுத்தது. முருகேசன் என்ற ஒரு பெயரையே ஆறேழு விதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போட்டு, படை என்ற இடத்தில் இந்திய ராணுவம், நாடு என்ற இடத்தில் இத்தாலி, ஆண்டு 1944 என்று வடிகட்டிப் பாருங்கள். சில நூறு பேர் வருவார்கள். பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறங்கள். இரண்டாம் போரின் பதிவுகளில் பலவற்றில் கூடுதல் தகவல் என்ற வரியில் இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று இருக்கும். அந்த ஒரு வரிதான் உங்கள் ஆளை அடையாளம் காட்டும். ஜில்லாவைப் பழைய பிரிவினைப்படி பாருங்கள்: இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் செங்கல்பட்டு; தருமபுரியும் நாமக்கல்லும் சேலம்; விழுப்புரம், கடலூர் எல்லாம் தென்னார்க்காடு.

புதைப்பதா எரிப்பதா என்ற கேள்விக்கு: இந்து, சீக்கிய வீரர்களைப் பெரும்பாலும் எரித்தார்கள். அவர்களுக்குத் தனிக் கல்லறை இருக்காது. தகன நினைவிடம் என்று ஒரு சுவரில் பெயர் இருக்கும். இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரையில் ஒன்று, ஃபொர்லி நகரில் ஒன்று. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் காசினோ நினைவகத்தில். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் என்றால் பெரும்பாலும் கல்லறையே இருக்கும்.

தம்பிப்படை

நான் அந்தப் படைப்பிரிவில்தான் இருந்தேன். சுபேதாராக ஓய்வு பெற்றேன். சாப்பர்ஸ் என்றால் பாலம் கட்டுகிறவன், சாலை போடுகிறவன், கண்ணிவெடி எடுக்கிறவன். காலாட்படை போவதற்கு முன்னால் போய், எல்லாரும் வந்த பிறகு வருகிறவன். எங்களை ராணுவம் முழுக்கத் "தம்பி" என்றுதான் கூப்பிடும்.

செம்மண்காடு தம்பி, அந்த நட்சத்திரத்தின் ரிப்பனைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, நடுவில் பச்சை, மறுபடி வெள்ளை, சிவப்பு என்று பட்டைகள் இருந்தால் அது இத்தாலி ஸ்டார். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் இருக்காது. இந்தியாவில் வழங்கியவற்றில் படை எண், பதவி, பெயர் மூன்றையும் பொறித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று ஆக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பொறித்த எழுத்து மிக மெலிது; போய்விடும். சாய்வான வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தால் படிக்கலாம்.

படை எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெங்களூரில் இருக்கும் எங்கள் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். நேராக எழுத முடியாவிட்டால் உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மனுக் கொடுங்கள்.

இத்தாலியில் 4ஆவது இந்திய டிவிஷனோடு 12ஆவது ஃபீல்டு கம்பெனியும் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. இரண்டும் மதராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரியில் அவர்கள் மாண்டே காசினோ மலையடிக்கு வந்தார்கள். மழை, சகதி, மேலே மலையுச்சியில் இருந்து பார்த்துப் பார்த்துச் சுடுகிற ஜெர்மானியர்கள். பிப்ரவரி 15ஆம் தேதி அந்த மலையின் மடாலயத்தையே விமானங்கள் குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கின. அப்படியும் இடம் விழவில்லை. மே மாதம்தான் விழுந்தது. இடையில் இந்தியச் சாப்பர்களும் நியூசிலாந்துச் சாப்பர்களும் சேர்ந்து, டாங்கிகள் ஏறுவதற்கு அந்த மலைச்சரிவில் இரவோடு இரவாக ஒரு பாதை வெட்டினார்கள். ஆட்டுப்பாதையை டாங்கிப் பாதையாக்குவது என்றால் என்ன வேலை என்று, கடப்பாரை பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த 11ஆவது கம்பெனியில்தான் சுபேதார் சுப்பிரமணியம் இருந்தார். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, மின்யானோ என்ற இடம். கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போகிறார். கூட வந்த ஒருவன் காலடியில் ஒரு வெடி அமுங்குகிறது. ஜெர்மானியரின் எஸ்-மைன் என்ற வகை உடனே வெடிக்காது. ஏறத்தாழ நான்கு நொடி கழித்து இடுப்பளவு உயரத்துக்குத் துள்ளி எழும்பி வெடிக்கும். உள்ளே 300க்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுகள். சுற்றி நிற்கிற யாரும் தப்ப முடியாது. அந்த நான்கு நொடிக்குள் சுப்பிரமணியம் அதன்மேல் விழுந்து படுத்துவிட்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டிஷாரின் மிக உயர்ந்த வீரப் பதக்கங்களில் ஒன்றான ஜார்ஜ் கிராஸை அவருக்குக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், அவர் இறந்தது காசினோவின் பக்கம். பெயர் இருப்பது மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், அட்ரியாட்டிக் கரையோரத்தில், சாங்ரோ தகன நினைவிடத்தில். எனவே இறந்த இடத்துக்குப் பக்கத்தில் தேடிப் பெயர் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம்.

நெருப்புக்குச்சி

தேடுவது சரி. கல் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, அதே அரசு நம் பையன்களைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 25 லட்சம் பேர் கொண்ட தன்னார்வப் படை என்று பெருமையாகச் சொல்வார்கள். வயிற்றுக்காகச் சேர்ந்தவனைத் தன்னார்வலன் என்பதா? முதல் போருக்குப் பிறகு தமிழனுக்குப் போர்க்குணம் இல்லை என்று சொல்லி மதராஸ் காலாட்படையையே கலைத்தவர்கள் இவர்கள். இரண்டாம் போரில் ஆள் பற்றாக்குறை வந்தவுடன் மறுபடி தொடங்கினார்கள். அவர்கள் தேவைக்கு வீரன், தேவை தீர்ந்தால் கூலி. அந்தப் படையில் இறந்தவருக்குத் "தாய்நாட்டுக்காக" என்று கல் வைப்பது பொய்யைக் கருங்கல்லில் வெட்டுவது.

செம்மண்காடு

நெருப்புக்குச்சி நண்பரே, நீங்கள் சொல்கிற வரலாறு எனக்கும் தெரியும். பாட்டியின் அண்ணன் ஏன் சேர்ந்தார் என்றால், வீட்டில் ஐந்து பேர், கடன், மழை பொய்த்த இரண்டு வருடம். சாம்ராஜ்யம் என்ற சொல்லே அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் அவரை நினைக்கக் கூடாதா?

நெருப்புக்குச்சி

நினைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் சேர்ந்த காரணத்தை இப்போது நீங்களே எழுதினீர்கள் அல்லவா, அது கல்லில் வருமா? வராது. வீரமரணம் என்பதுதான் வரும்.

கல்வெட்டுப்பித்தன்

இந்தச் சண்டைக்கு நம்மிடமே ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. செங்கம், தருமபுரிப் பக்கம் நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள். அவற்றின் வாசகம் எப்படி இருக்கும் தெரியுமா? இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய ஆள், இன்ன ஊர் மாட்டை இன்னார் கவர்ந்தபோது சண்டையில் "பட்டான் கல்". அவ்வளவுதான். புகழ்ச்சி கிடையாது. "பட்டான்", அதாவது இறந்தான், என்பதோடு முடிந்துவிடும். பேர், ஊர், யாருடைய ஆள், எந்தச் சண்டை. நூற்றுக்கணக்கான கற்களில் இதே ஒழுங்கு.

அந்தச் சண்டைகள் என்ன தர்ம யுத்தங்களா? பாதி மாட்டுத் திருட்டு! திருடப் போய் இறந்தவனுக்கும் கல் இருக்கிறது, மீட்கப் போய் இறந்தவனுக்கும் இருக்கிறது. கல் நட்டவர்கள் நியாயம் எந்தப் பக்கம் என்று விசாரணை நடத்தவில்லை. தங்கள் ஆள் ஒருவன் போனான், அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, அதைப் பதிவு செய்தார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல். இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர்களைக் கடித்துவிட்டு அங்கேயே நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகள் ஆகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரியும்.

இப்போது ஈராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காகக் கட்டியது. மொத்தம் 40,000க்கும் மேற்பட்டவர்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் இருக்கிறது. இந்திய அதிகாரியின் பெயர் இருக்கிறது. இந்தியச் சிப்பாய் என்றால்? இன்ன ரெஜிமென்ட், இத்தனை பேர். 30,000க்கும் மேற்பட்டவர்கள் வெறும் எண்ணிக்கை. பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வோம் என்பதுதான் கணக்கர் சொன்ன அந்தப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் கொள்கை. அவர்களே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, 2021இல் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து முதலான இடங்களைச் சேர்ந்தவர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்று அறிக்கை சொன்னது. பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

நம் ஊர்களிலும் பாருங்கள். பழைய அரசுக் கச்சேரிக் கட்டடத்துச் சுவரிலோ சாவடியிலோ ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை இருக்கும். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களுள் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில். பெயர்? ஒன்றுகூட இருக்காது. அந்த ஊரில் போய்க் கேட்டால் யாருக்கும் ஒருவர் பெயரும் தெரியாது. எங்கள் ஊர்ப் பலகையில் இப்போது தேர்தல் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அது வேறு கதை.

ஆகவே செம்மண்காடு, கல் வையுங்கள். வீரமும் வேண்டாம், தாய்நாடும் வேண்டாம். பெயர், தாய் தந்தை பெயர், ஊர், எந்தப் படை, எங்கே, எந்தத் தேதி. அதற்குமேல் ஒரு வரி எழுதினால் அது உங்கள் சித்தப்பாவுக்கான வரி, இறந்தவருக்கானது இல்லை.

ரப்பர்தோட்டம்

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பாட்டியின் அண்ணன் இத்தாலியில் இருந்த அதே 1944இல், என் தாத்தாவின் தம்பி இம்பால் போன, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ. படையில் இருந்தார். திரும்பி வரவில்லை. எதிர் எதிர் அணி என்று நீங்கள் சொல்லலாம். இரண்டு பேரும் தோட்டத்திலும் வயலிலும் வேலை பார்த்த பையன்கள்.

உங்கள் ஆளுக்காவது தேடிப் பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. 1945இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் ஐ.என்.ஏ. வீரர்களுக்காக ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995இல்தான் அந்த இடத்தில் ஒரு பலகை வைத்தது சிங்கப்பூர் அரசு. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் செத்த எங்கள் தோட்டத் தமிழர்களின் நிலை அதைவிட மோசம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் புல் வெட்டிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே செத்த நம்மவர்களின் கணக்கைக்கூட யாரும் ஒழுங்காக எடுக்கவில்லை.

குறை சொல்ல இதை எழுதவில்லை. தேடினால் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பதே பெரிய பேறு. தேடுங்கள்.

தம்பிப்படை

நான் ஒன்று சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடல் கடந்து போய் இறந்தவன் என்றால் எனக்கு 1944 நினைவுக்கு வராது. 1987தான். அமைதிப்படை என்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். என்னோடு பயிற்சி முடித்தவன் ஒருவன், இருபத்திரண்டு வயது, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பயிற்சி முகாமில் என் பக்கத்துக் கட்டில். ராத்திரி விளக்கணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பான், அடி வாங்காமல் தூங்கவே மாட்டான். சாலையில் புதைத்து வைத்திருந்த வெடியில் போய்விட்டான். தமிழ் பேசுகிற ஊரில், தமிழ் பேசுகிறவர்கள் வைத்த வெடியில்.

மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி இறந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். அவர் பெயரையாவது சிலருக்குத் தெரியும். 1990 மார்ச்சில் கடைசித் தொகுதி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்க வரவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காரணத்தில் நியாயமே இல்லை என்று நான் இன்று சொல்லமாட்டேன். அன்று சொல்லியிருப்பேன்.

அந்தப் பையனின் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய சாப்பாட்டுத் தட்டு வருமா என்று மட்டும் கேட்டார். சொந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தானாம். நெருப்புக்குச்சி தம்பி, அந்த வீட்டில் போய்ப் போர் நியாயமா என்று பேசிப் பாருங்கள்.

பனங்கூடல்

தம்பிப்படை ஐயா, 1987இல் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த இழை வேறெங்கோ போய்விடும். உங்கள் நண்பனுக்காக நான் அழுவேன் என்றும் சொல்லமாட்டேன். அது உண்மையாக இருக்காது.

ஆனால் அந்தத் தாய் தட்டைக் கேட்டார் என்றீர்களே, அது விளங்குகிறது. எங்கள் பக்கத்திலும் பிள்ளைகள் போனார்கள். அவர்களுக்கென்று துயிலும் இல்லங்கள் இருந்தன, வரிசை வரிசையாகக் கல்லறைகள். 2009க்குப் பிறகு அவற்றை இயந்திரம் கொண்டு இடித்துத் தள்ளினார்கள். கல் போன பிறகும் கார்த்திகை மாதத்தில் தாய்மார் அந்த இடத்துக்கு வந்தார்கள். எந்த இடத்தில் தன் பிள்ளை என்று அடி அளந்து, குத்துமதிப்பாக ஓர் இடத்தில் விளக்கு வைத்தார்கள். கொழும்பை அடுத்த கோட்டே நகரில் உங்கள் படையினருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கு வைக்கவே பல ஆண்டுகள் பயந்தோம்.

எதிரியின் கல்லை இடிக்கிறவர்களைக் கண்டவள் என்பதால் சொல்கிறேன்: யாருடைய கல்லையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன்.

நெறியாளர்

1987-90 குறித்துப் பேச வேறு இழைகள் இருக்கின்றன. மேலே உள்ள இரண்டு பதிவுகளையும் நீக்கச் சொல்லி ஒரு புகார் வந்தது. நீக்கவில்லை. தொடர்பவர்கள் இத்தாலிக்குத் திரும்புங்கள்.

செம்மண்காடு

கிடைத்துவிட்டது.

ரிப்பன் ஐயா சொன்ன நிறங்கள்தான். வெள்ளை மட்டும் பழுப்பேறியிருந்தது. நட்சத்திரத்தின் பின்னால் எண்ணும் பெயரும் இருந்தன. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில்தான் படிக்க முடிந்தது. பெயரைப் பார்த்தால் எழுத்துக்கூட்டல் நாங்கள் யாரும் நினைத்திராத விதத்தில் இருந்தது. அதையே ஆணையத்தின் பட்டியலில் போட்டதும் ஒரே ஒரு பதிவு வந்தது. அப்பா பெயர் சரி. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. ஜில்லா சரி. நினைவிடம்: சாங்ரோ தகன நினைவிடம். சுபேதார் சுப்பிரமணியத்தின் பெயர் இருக்கும் அதே இடம். 500க்கும் மேற்பட்ட இந்தியர்களுள் ஒருவராக இவரும் இருக்கிறார். வயது இருபது.

பாட்டியிடம் "எரித்திருக்கிறார்கள்" என்றேன். "யார் கொள்ளி வைத்தது?" என்றார். இதற்கு என்ன சொல்வது? கூட இருந்த நம்மவர்கள் வைத்திருப்பார்கள் என்றேன். தெரியாமல் சொல்லாதே என்று திட்டினார். பிறகு சாயங்காலம் அவராகவே கூப்பிட்டு, அந்த ஆற்றின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அதில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது, கடல் பக்கத்தில்தான் என்றேன். அதில் அவருக்கு ஏதோ ஒரு திருப்தி.

கணக்கர்

மிக்க மகிழ்ச்சி. இரண்டு வேலைகள் பாக்கி. ஊர்ப் பெயரில் உள்ள பிழையைத் திருத்தச் சொல்லி ஆணையத்துக்கு எழுதுங்கள். ஆதாரம் கொடுத்தால் பதிவைத் திருத்துகிறார்கள். அந்தத் தாளையும் நட்சத்திரத்தின் பின்பக்கப் படத்தையும் இணையுங்கள்.

அடுத்தது, எப்படி இறந்தார் என்பது. ஒவ்வொரு கம்பெனியும் போர்க்களத்தில் நாட்குறிப்பு எழுதியது. இத்தாலிப் படைகளின் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ (Kew) பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இறந்த தேதி கையில் இருப்பதால் அந்த நாளின் பக்கத்தை மட்டும் நகல் கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சிப்பாய்களின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். பாலம் கட்டும்போது எறிகணை விழுந்தது, மூவர் மரணம் என்ற அளவில்தான் இருக்கும். அந்த மூவரில் ஒருவர் என்று நீங்கள்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கல்வெட்டுப்பித்தன்

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. லண்டன் ஆவணம் இன்னும் ஐம்பது ஆண்டுகள் அங்கேயே இருக்கும். பாட்டியை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அண்ணன் குட்டையா நெட்டையா, யாரோடு சண்டை போடுவார், என்ன பாட்டுப் பாடுவார், ஊரை விட்டுப் போன அன்று என்ன சட்டை. அவரை நேரில் பார்த்த கடைசி ஆள் இந்த உலகத்தில் உங்கள் பாட்டிதான்.

செம்மண்காடு

தொடங்கிவிட்டேன். முதல் நாளே தெரிந்த விஷயங்கள்: முன்கோபக்காரர். பக்கத்துத் தோப்பில் இளநீர் திருடி மாட்டிக்கொண்டு, அபராதம் கட்டியிருக்கிறார். தங்கைக்குக் காது குத்தும்போது தூக்கிக்கொண்டு ஓடி ஒளித்து வைத்திருக்கிறார், வலிக்குமாம் பிள்ளைக்கு. படையில் சேர்ந்தது அப்பாவுக்குத் தெரியாது; ஆள் எடுக்க வந்த இடத்தில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துவிட்டு வந்துதான் சொல்லியிருக்கிறார். அப்பா அடித்த அடியில் முதுகில் தழும்போடுதான் ரயில் ஏறினாராம். பாட்டி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். சித்தப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. இளநீர்த் திருட்டை வெளியில் சொல்லாதே என்கிறார்.

ஆணையத்தின் பதிவில் வயது இருபது. பாட்டியின் கணக்குப்படி பத்தொன்பது நிறையவில்லை. கல்லில் எதைப் போடுவது?

நெருப்புக்குச்சி

பாட்டி சொன்னதைப் போடுங்கள். வயதை அவர் கூட்டிச் சொன்னது படைக்காக. ஊருக்கு அது தேவையில்லை.

என் பங்குக்கு ஒரு வாசகம் தருகிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். பெயர். இன்னார், இன்னாரின் மகன், இந்த ஊர். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, 1944இல் இத்தாலியில் போரில் இறந்தார். வயது பத்தொன்பது. தாய்நாடு, தியாகம், வீரமரணம் எதுவும் இல்லாமல் இவ்வளவே. இதை எதிர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், பிரிட்டிஷ் இந்திய ராணுவம் என்பதையும் சேர்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவன் நின்று படித்துவிட்டு, பிரிட்டிஷ்காரன் சண்டையில் நம்ம ஊர் ஆளுக்கு என்ன வேலை என்று வாத்தியாரைக் கேட்கட்டும்.

தம்பிப்படை

வாசகம் நன்றாக இருக்கிறது. படை எண்ணையும் போடுங்கள். எங்களுக்கு அது பெயரைப் போலத்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சித்தப்பாவை நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வீரமரணம் என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டார் என்றால், படைச் சின்னத்தை மேலே செதுக்கிக் கொள்ளட்டும், அதோடு சமாதானம் ஆகிவிடுவார்.

செம்மண்காடு

அனுப்பியிருக்கிறேன் ஐயா. சின்னம் என்றதும் அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் பாட்டி இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்: அம்மா பெயரும் வர வேண்டுமாம். மணியார்டர் அம்மா பெயருக்குத்தான் வரும், அப்பா பெயருக்கு இல்லை என்கிறார். கல் தச்சர் ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா பெயர் வந்தால் "பிரிட்டிஷ் இந்திய ராணுவம்" அடுத்த வரிக்குப் போகும், சின்னத்துக்கு இடம் குறையும். நாளை அவரிடம் மறுபடி போகிறோம்.